எதிர்க் கட்டடத்துக்கு ஒரு திருஷ்டி பொம்மை

இந்த ஊரில் கட்டடங்களைத் திட்டுகிறார்கள். நம் ஊரில் வெயிலைத் திட்டுவோமே, அந்த மாதிரி, பக்கத்தில் நிற்பவர் யார் எவர் என்றுகூடப் பார்க்காமல் திட்டுகிறார்கள். மான்செஸ்டருக்கு வந்த புதிதில் ஒரு நாள் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அருகில் நின்ற மனிதர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பார்க்கவே சகிக்கல, இல்ல?" என்று என்னிடம் கேட்டார். மேலேயிருந்து ஏதோ விழப்போகிறது என்று நினைத்து நான் தள்ளி நின்றேன். அவர் காட்டியது தெருக்கோடியில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் உயரக் கட்டடத்தை. நான் சிரித்து வைத்தேன். திண்டிவனத்தில் முன்பின் தெரியாத ஆளிடம் யாரும் ஒரு கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். அது அந்த ஆளின் மச்சான் கட்டியதாக இருந்து தொலைக்கும். அதற்காகப் புகழவும் மாட்டார்கள். புது வீட்டைப் பார்க்கப் போனால், "எத்தன சதுரம் வருது? தண்ணி எத்தன அடியில கெடச்சுது?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வருவதுதான் மரியாதை. வாய் நிறைய அழகு என்று சொல்லிவிட்டு வந்தால், மறுநாள் சுவரில் ஒரு விரிசல் விழுந்தாலும் பழி நம் தலையில்தான்.

நான் சிரித்துச் சமாளித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கட்டடத்துக்கு முகம் வைத்துக்கொண்டிருந்தவர்களில் என் கணவர் குமாரும் ஒருவர். இங்கே 'கிளாடிங்' என்கிறார்கள். கான்கிரீட் தூண்களுக்கும் தளங்களுக்கும் வெளியே கண்ணாடியையும் தகடுகளையும் பொருத்தி மூடுகிற வேலை. நம் மேஸ்திரிகள் 'எலிவேஷன்' என்று சொல்வார்களே, வீட்டின் முன்பக்கத் தோற்றம், அதுதான், நாற்பது மாடிக்கு. துபாயில் அந்த வேலையைப் பல வருடம் செய்திருந்ததால் இந்தக் கம்பெனி அவரை விசா கொடுத்து அழைத்தது. கூடவே நானும் வந்தேன். முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கும் வேலை கிடைத்தது. ஆனால் நாங்கள் இந்த நாட்டில் இருப்பது அவருடைய வேலையை நம்பித்தான். அது போனால் விசாவும் போகும், பெட்டியைக் கட்டவேண்டியதுதான். குமாருக்குக் கட்டடத்தின் அழகைப் பற்றி ஒரே ஓர் அளவுகோல். "ஜாயின்ட்டப் பாரு, நூலு புடிச்ச மாதிரி போவுதா? அவ்ளோதான் அழகு" என்பார். நகரத்துக்குள் நடந்து போனால் மற்றவர்கள் கடைகளைப் பார்ப்பார்கள்; இவர் சுவர்களின் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்து என்மேல் முட்டுவார்.

எங்கள் குடியிருப்பு அந்தக் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. பழைய செங்கல் கட்டடம், ஐந்தாவது மாடி. எங்கள் பால்கனிக்கும் அடுத்த பால்கனிக்கும் நடுவில் இடுப்பளவுத் தடுப்புச் சுவர்தான். அடுத்த பால்கனி டெபியுடையது. ஐம்பதைத் தாண்டியவர், பஸ் ஓட்டுகிறார், தனியாக இருக்கிறார். நான் மனசுக்குள் டெபியக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்த நகரத்தில் என் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் ஆள். 'மலர்' என்பதில் அந்தக் கடைசி எழுத்தை உருட்டிச் சொல்ல நாக்கோடு அவர் போராடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஓய்வு நாளில் தடுப்புச் சுவரின் மேல் இரண்டு கோப்பை டீயை வைத்துக்கொண்டு நின்றபடியே மணிக்கணக்காகப் பேசுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் எதிரே நிற்பதில் போய் முடியும். அவர் அதற்கு வைத்த பெயர் ஃப்ரிட்ஜ். வெள்ளை வெளேரென்று, பால்கனி ஒன்றுகூட இல்லாமல், வழுவழுவென்று நிற்கிறதாம். "உன் புருஷன்கிட்ட கேளு, கதவைத் திறந்தா உள்ள பால் இருக்குமான்னு" என்பார். குமார் வேலை செய்வது அங்கேதான் என்று தெரிந்தேதான் சொல்வார். கேலிதான். ஆனால் கேலியெல்லாம் மாடிகள் ஏற ஏறக் குறைந்துவிட்டது. பிற்பகலில் அவருடைய சமையலறைக்கு வந்துகொண்டிருந்த வெயில் ஒவ்வொரு தளம் எழும்பும்போதும் கொஞ்சம் சீக்கிரமே கிளம்பிப் போனது. தெருக்காரர்கள் 'போதும்' என்று எழுதிய அட்டைகளை ஜன்னல்களில் ஒட்டினார்கள். முதலில் ஒட்டியவர் டெபி.

என்னைக் கேட்டால்? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த வெள்ளை முகத்தில் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்தால், என் வீட்டுக்காரர் பொருத்தியது என்று நெஞ்சு நிமிரும். மத்தியானம் அதே கட்டடத்தின் நிழல் என் கொடியில் கிடக்கும் ஈரத்துணி மேல் விழுந்தால் எரிச்சல் வரும். ஒரே கட்டடத்தைக் காலையில் ஒரு கண்ணாலும் மத்தியானம் இன்னொரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், உள்ளுக்குள் இருப்புக்கொள்ளாமல் அலைந்தேன். டெபி 'அசிங்கம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டுமில்லை.

எங்கள் ஊர் கிளியனூர் பக்கம். சின்ன வயதில் நாங்கள் பார்த்த உயரமெல்லாம் தண்ணீர் டேங்க்தான். விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடை கண்ணாடி முகப்போடு நாலு மாடி கட்டியபோது, துணி எடுக்காமல் லிஃப்டில் ஏறி இறங்குவதற்கென்றே ஜனங்கள் போனார்கள். நாங்களும் போனோம். என் தம்பி சேகருக்குக் கண்ணாடிப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். எங்கள் அப்பா அம்மா மற்றவர்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய ஜனம். காலனியில் எங்களுக்கு இருந்தது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு ஒன்றுதான். அது ஒழுகி இடிந்த பிறகு, சேகர் அதே இடத்தில் மாடி வீடு எழுப்பினான். கீழே ஒன்று, மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. முன்பக்கம் ஆரஞ்சும் ஊதாவும், நடுவில் நீலக் கண்ணாடிப் பட்டை. நான் விடுமுறையில் போயிருந்த சமயம். ஊர்த்தெருக்காரர் ஒருவர், காலனிக்குள் காலெடுத்தே வைக்காதவர், அன்றைக்கு பைக்கில் வந்து நிறுத்தி, இறங்காமலே வீட்டை அண்ணாந்து பார்த்தார். "கலரு கண்ணக் குத்துதேப்பா" என்றார். பிறகு, "இந்த எடத்துக்கு இவ்ளோ ஒயரம் எடுப்பா இல்லியே" என்றார். அவர் பிரச்சினை கலர் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் அம்மா சேகரின் பழைய பேன்ட் சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, பானைத் தலையில் முறுக்கு மீசையும் தொங்கும் நாக்கும் வரைந்து, மொட்டை மாடியில் கம்பு நட்டுக் கட்டினாள். பார்க்கிறவன் கண் முதலில் அதன்மேல் விழட்டும் என்று. வேலை இழுத்துக்கொண்டே போனதால் அந்தப் பொம்மையும் அங்கேயே வெயிலில் வெளுத்துக்கொண்டு நின்றது.

போன பங்குனியில் ஒரு நாள் குமார் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார். மேலே தூக்கிய கண்ணாடி காற்றில் சுழன்று தளத்தின் விளிம்பில் மோதி நொறுங்கியதாம். கீழ்த்தளத்தில் இவர். "தலைக்கி மேல மழ மாதிரி கொட்டுச்சு மலரு. நான் தூணு பக்கம் ஒதுங்கிக்கினேன், அதான்" என்றார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவருடைய பேன்ட்டின் மடிப்பை உதறியபோது தரையில் கண்ணாடித் துகள்கள் சிதறின. அவற்றைக் கூட்டி அள்ளினேன். ஒரு தெருவே நின்று நின்று அண்ணாந்து பார்த்துக் கரித்துக்கொட்டுகிற கட்டடத்தில் நாள் முழுக்க நிற்கிற மனுஷன். கண் படாமல் என்ன செய்யும்? நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். இந்த மாதிரி நேரத்தில் யாரும் தன்னைத்தானே அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை.

கட்டடத்துக்குள் போய்ப் பொம்மை கட்ட என்னை யார் விடுவார்கள்? எதிரே என் பால்கனி இருக்கிறதே, தெருவில் வருகிறவர்கள் கண் இங்கேயும்தானே படும் என்று கணக்குப் போட்டேன். குமாரின் பழைய பேன்ட், பழைய சட்டை, உள்ளே கிழிந்த தலையணைப் பஞ்சு. தலைக்குத் தலையணை உறை. மார்க்கரால் மீசை, பல், நாக்கு. இது யாருக்காக என்று தெரிய வேண்டாமா? அதனால் அவர் போட்டுக் கழித்த ஆரஞ்சு நிற வேலை ஜாக்கெட்டையும் மாட்டினேன். இடுப்பில் கட்டினால் தலை தொங்கியது. கழுத்தில் கட்டியபோதுதான் நிமிர்ந்து நின்றது. காலையில் அவர் போன பிறகு துணிக்கொடிக் கயிற்றால் பால்கனியின் மேல்கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, மனம் கொஞ்சம் ஆறி, என் வேலைக்குப் போனேன்.

மத்தியானம் நான் திரும்பியபோது டெபி வாசலிலேயே காத்திருந்தார். கையில் கேக். என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நீயும் நம்ம பக்கம்னு எனக்குத் தெரியும். உன் புருஷனே அங்க வேலை செய்யும்போது இப்படிச் செய்ய எவ்வளவு தைரியம் வேணும்!" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் 'தேங்க்யூ' சொல்வது இங்கே நான் பழகிய வழி, அதையே சொன்னேன். அவர் ஃபோனை எடுத்துக் காட்டினார். தெருக்காரர்களின் குழுவில் என் பொம்மையின் படம், அதன் கீழே கைதட்டல்கள். படத்தில் பார்த்தபோதுதான் என் கண்ணுக்கும் தெரிந்தது. நம் ஊர்க் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால், கட்டுமான வேலைக்காரன் ஒருவனைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள்.

கேக்கை மேசையில் வைப்பதற்குள் குமார் வந்துவிட்டார். அந்த நேரத்தில் அவர் வந்ததே இல்லை. பூட்ஸைக் கழற்றாமல் நேராகப் பால்கனிக்குப் போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னா காரியம் பண்ணி வச்சிருக்க? மேல நிக்கிற அத்தினி பேரும் காலையில இருந்து இதையே பாத்துக்கினு நிக்கிறாங்க. ஜாக்கெட்டு முதுகுல கம்பெனி பேரு இருக்குதுடி."

மிஹாய் என்று ருமேனியாக்காரர் ஒருவர், குமாரோடு ஜோடியாக வேலை செய்கிறவர், அதைப் பார்த்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டாராம். அவருடைய சித்தப்பா மகன் வேறொரு நகரத்தில் இதே வேலையில் மேலிருந்து விழுந்து இறந்தவன். மானேஜர் கத்தியிருக்கிறார், அது எந்த வீடு என்று கண்டுபிடிக்கச் சொல்லி. குமார் மறைக்கவில்லை. தன் வீடுதான் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போ, நாளைக்கு வரலாமா வேண்டாமா என்று ஃபோனில் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். "திருஷ்டின்னு சொல்லவேண்டியதுதானங்க" என்றேன். "எப்படிச் சொல்றது? எனக்கு இங்கிலீஷ்ல அது வரமாட்டேங்குது" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பொம்மையை அவிழ்த்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மூலையில் சாத்தினேன்.

மறுநாள் ஃபோன் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பொம்மையைப் பெரிய பையில் போட்டுக்கொண்டு கட்டட வாசலுக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். மானேஜர் வெளியே வந்தார். இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் ஒன்றும் வரவில்லை. "இது கண்ணுக்காக. பாதுகாப்புக்காக" என்றேன். அவர் யோசித்து, "கண் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும் கொடுத்திருக்கிறோமே, குமாருக்குக் கிடைக்கவில்லையா?" என்று அக்கறையோடு கேட்டார். அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது. அந்தக் கட்டடத்தைக் கையால் காட்டி, ஜனங்கள் பார்க்கிறார்கள், நிறையப் பார்க்கிறார்கள், அது கெடுதல் என்றேன். பொம்மையின் பல்லைக் காட்டி, எல்லாரும் இதைப் பார்க்கட்டும், என் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டாம் என்றேன். அவர் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. பின்னால் நின்றிருந்த மிஹாய்தான் முன்னால் வந்தார். கையுறையைக் கழற்றினார். மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. தன் ஊரில் குழந்தைக்கும் கன்றுக்குட்டிக்கும் இதைக் கட்டுவார்கள் என்றும், தனக்குத் தன் அம்மா கட்டி அனுப்பியது என்றும் மானேஜரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த தடவை கழுத்தில் மட்டும் கட்டாதீர்கள்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. மானேஜர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். வேலை நிலைத்தது. விசா நிலைத்தது.

வீட்டுக்கு வந்து பால்கனிக் கம்பியில் மிச்சமிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். டெபி வெளியே வந்தார். "மிரட்டினாங்களா? பயப்படாதே, நாங்க இருக்கோம்" என்றார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எதிர்ப்புக் காட்ட வைத்தது இல்லை என்று சொன்னேன். கெட்ட பார்வை படாமல் இருக்க எங்கள் ஊரில் கட்டடத்துக்குக் கட்டுவது என்றேன். அவர் அந்த வெள்ளைக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஃப்ரிட்ஜுக்காகவா வேண்டிக்கிட்ட?"

"கட்டடத்துக்கு இல்ல. குமாருக்கு."

"யாரோட பார்வை படாம?"

நான் கயிற்றின் முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"என்னோடதா, மலர்?"

அந்தக் கடைசி எழுத்தைச் சரியாகத்தான் உருட்டினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை, ஏனென்றால் ஆமாம் என்பதுதான் உண்மை. பஞ்சைத் திணிக்கும்போது என் மனதில் இருந்தது தினமும் டீக்கோப்பையோடு நின்று அந்தக் கட்டடத்தைச் சபிக்கிற இந்த முகம்தான். டெபி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு தடுப்புச் சுவரின் மேல் கோப்பைகள் இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைப்பார். நான் வேலையில் பாட்டிமார்களுக்குத் தலைவாரிக்கொண்டே அதையே புரட்டிப் புரட்டி யோசித்தேன். ஊர்த்தெருக்காரர் எங்கள் வீட்டைப் பழித்ததும் டெபி இந்தக் கட்டடத்தைப் பழித்ததும் ஒன்று என்று எப்படி நினைத்தேன்? ஊர்த்தெருக்காரர் சொன்னது, உனக்கெல்லாம் இந்த உயரமா என்று. டெபி சொன்னது, எனக்கு இதில் ஒரு ஜன்னல்கூடக் கிடைக்காது, என் வெயிலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று. பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவள் கண்ணுக்கும் மேட்டில் நின்று குனிந்து பார்க்கிறவன் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் இத்தனை வருடம் காலனியில் வளர்ந்தேன்? என்மேலேயே கோபம் கோபமாக வந்தது. இருந்தாலும், மறுபடி கண்ணாடி நொறுங்கினால் மறுபடியும் பஞ்சைத் தேடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று கதவு வரை போவேன். எதற்காக என்று சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிடுவேன்.

போன சனிக்கிழமை காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சேகர் வீடியோவில் கூப்பிட்டான். பெயின்ட் முடிந்துவிட்டது, வீடு ஒருவழியாகத் தயார். "அக்கா, பாத்துக்கினே இரு" என்று தெருவுக்கு ஓடிப் போய் ஃபோனை வீட்டின் பக்கம் திருப்பினான். ஆரஞ்சு, ஊதா, நீலக் கண்ணாடிப் பட்டை, எல்லாம் மதிய வெயிலில் பளபளத்தன. உச்சியில் வெளுத்துப்போன பொம்மை. "இந்த முகூர்த்தத்துல குடி போறோம். சாயங்காலம் அந்தப் பொம்மையக் கழட்டிடப் போறேன், எலிவேஷனக் கெடுத்துக்கினு நிக்குது. எப்படி இருக்குன்னு ஜல்தி சொல்லுக்கா!" என்றான். நான் வழக்கம்போல, "ம், முடிஞ்சிடுச்சா" என்றேன். அவன் முகம் சுருங்கியது.

"அது உன் வீடா?"

டெபி தன் பால்கனியில் நின்றிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. தலையை ஆட்டினேன். கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவசரமே இல்லாமல் பார்த்தார். மூன்று மாடியையும் கீழேயிருந்து மேலே வரை பார்த்தார். இந்தத் தெருவில் எந்தக் கட்டடமும் அவரிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை. கலர் கண்ணைக் குத்துகிறது என்று சொல்லிவிடுவாரோ, அதை அவர் வாயால் கேட்டுவிட்டு நான் எங்கே போய் நிற்பேன் என்று மனம் பதறியது.

"அழகா இருக்கு" என்றார் டெபி. "ரொம்ப அழகா இருக்கு, மலர்."

அந்த வீட்டைப் பற்றி வெளியாள் ஒருவர் வாய்விட்டு அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கண் நிறைந்துவிட்டது. நிறைந்த அதே கணத்தில் பயமும் வந்தது. இவ்வளவு மனசு நிறையச் சொல்லிவிட்டாரே, நேராகப் பார்த்துச் சொல்லிவிட்டாரே. ஃபோனை வெடுக்கென்று என் பக்கம் இழுத்தேன்.

"சேகரு, அந்தப் பொம்மைய இப்ப கழட்டாதடா. அப்படியே இருக்கட்டும்."

"ஏங்க்கா? அந்தம்மா இன்னா சொல்றாங்க? நல்லா இல்லன்றாங்களா?"

"அவன்கிட்ட என்ன சொன்ன?" என்று டெபி சிரித்துக்கொண்டே கேட்டார். ஃபோனை ஒரு கையிலும் தடுப்புச் சுவரை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.